ஆழமான மேற்கடிக்கு உள்பக்கக் கிளிப் பொருந்துமா?

குடியாத்தம் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன், வயது 36. வாயை மூடிக் கடித்தால் என் கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்துவிடுகின்றன. பற்கள் பார்வைக்கு வரிசையாகவே இருந்ததால் சிறு வயதில் வீட்டில் யாரும் இதை ஒரு குறையாக எண்ணவில்லை. இப்போது கீழ்ப்பற்களின் விளிம்பு மேலண்ணத்து ஈறில் அழுந்தி, காலையில் பல் துலக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் கசிகிறது. மேல் முன்பற்களின் உட்புறமும் தேய்ந்து, பானைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது.

காட்பாடியில் பார்த்த பல் மருத்துவர் இதை 'டீப் பைட்' என்று கூறி, கிளிப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். பற்களின் வெளிப்பக்கம் போடுவது, நாக்குப் பக்கமாக உள்ளே போடுவது என்னும் இரண்டு வழிகளையும் விளக்கினார். உள்பக்கக் கிளிப் யாருக்கும் தெரியாது என்பது மட்டுமே எனக்குக் காரணமாகப் போதாது; கடியின் ஆழம் உண்மையிலேயே அதனால் குறையுமா என்பதே என் கேள்வி. இன்னொரு கவலையும் உண்டு. நாள் முழுவதும் வகுப்பில் பேசுகிறேன். தகரமும் நகரமும் நா நுனி மேற்பல்லின் அடியில் பரந்து பொருந்தப் பிறப்பவை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நானே, அந்த இடத்தில் உலோகத்தை ஒட்டிக்கொண்டு எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்களும் துறை அறிந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சத்துவாச்சாரி கணக்காளர்

டீச்சர், எனக்கும் இதே குறை இருந்தது. மேல் வரிசைக்கு உள்பக்கக் கிளிப் போட்டுச் சிகிச்சை முடித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது பேச்சைப் பற்றியல்ல, சாப்பாட்டைப் பற்றி. மேல் முன்பற்களின் பின்னால் கிளிப்பை ஒட்டி முடித்து வாயை மூடச் சொன்னபோது, என் கீழ்ப்பற்கள் அந்தக் கிளிப்பின் மீது மோதி நின்றன; கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடவில்லை. அதற்காகத்தான் கிளிப் என்று மருத்துவர் முன்கூட்டியே விளக்கியிருந்தாலும், வீட்டுக்கு வந்து தட்டின் முன் அமர்ந்தபோதுதான் அதன் பொருள் முழுமையாகப் புரிந்தது, ஏனென்றால் மெல்லுவதற்கு எதிரெதிரே பல்லே இல்லை. நம் ஊர்க் கேழ்வரகுக் களி அந்த நாட்களில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது; களியை எப்படியும் மெல்லாமல் விழுங்கித்தானே பழக்கம்! கீரைக் கடைசல், நன்றாக வெந்த கத்தரிக்காய்க் குழம்பு, குழைந்த தயிர் சாதம் ஆகியவையும் சிரமமின்றி இறங்கின. வேர்க்கடலை, முறுக்கு, கரும்பு ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை தொடவில்லை.

பேச்சு தொடக்கத்தில் குழறியது உண்மை. சகரமும் வடமொழி ஸகரமும்தான் மிகவும் தடுமாறின; தகரம் சற்றுத் தடித்து ஒலித்தது; ழகரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, நாக்கு அதற்கு மேலே வளைந்து போய்விடுகிறது அல்லவா. தினமும் செய்தித்தாளை உரக்கப் படித்தேன். சில வாரங்களில் எதிரில் இருப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாத நிலை வந்தது. நாக்கின் ஓரம் புண்ணாகும். கிளிப்பின் மீது ஒட்டிக்கொள்ள மருத்துவர் தரும் மெழுகைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் பல்சீரமைப்பு மருத்துவர்

கேள்வி மிகச் சரியான இடத்திலிருந்து கேட்கப்பட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இயல்பான கடியில் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைச் செங்குத்தாக ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை, அதாவது கீழ்ப்பல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மறைத்திருக்கும். உங்களுக்கு முழுவதும் மறைவதோடு ஈறிலும் பதிகிறது. இது அழகு சார்ந்த குறை அன்று. ஈறு மேலும் தேய்ந்து பல்லின் வேர் வெளிப்படும் அபாயம் இருப்பதால் சிகிச்சை தேவைப்படும் நிலை.

ஆனால் 'ஆழக் கடி' என்பது ஒரே நோய் அல்ல. மேல் முன்பற்கள் அளவுக்கு மீறிக் கீழே இறங்கியிருக்கலாம். கீழ் முன்பற்கள் அளவுக்கு மீறி மேலே எழும்பியிருக்கலாம். கடைவாய்ப் பற்கள் போதிய உயரம் வளராமல் தாடைகள் நெருங்கிக் கிடக்கலாம். மேல் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதாலேயே கடி ஆழமாகத் தோன்றலாம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதை முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளந்தும், உதடுகளைத் தளர்த்தி உட்கார்ந்திருக்கும்போது மேற்பல் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது என்று நேரில் பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்பல் ஏற்கெனவே உதட்டுக்குக் கீழே குறைவாகத் தெரியும் ஒருவருக்கு, கடியைக் குறைக்கிறேன் என்று மேற்பல்லை மேலும் மேலே ஏற்றினால், கடி சரியாகும், ஆனால் சிரித்தால் பல்லே தெரியாத முதிய முகம் வந்துவிடும். அத்தகையவருக்குக் கீழ்ப்பல்லையே கீழே இறக்க வேண்டும்.

இனி உள்பக்கக் கிளிப்புக்கு வருகிறேன். ஜப்பானைச் சேர்ந்த கின்யா ஃபுஜிதா 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறையை விளக்கினார். தற்காப்புக் கலை பயில்வோரின் உதடும் கன்னமும் வெளிப்பக்கக் கிளிப்பால் கிழியாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸ் தனியாக ஒரு வடிவத்தை உருவாக்கினார். கர்ஸின் கிளிப்பில் மேல் முன்பற்களுக்கு உரியவற்றில் கீழ்ப்பற்கள் வந்து அமர்வதற்கென்றே ஒரு தட்டையான மேடை அமைக்கப்பட்டது. சத்துவாச்சாரி நண்பருக்கு நேர்ந்தது இதன் விளைவுதான். கீழ் முன்பற்கள் அந்த மேடையில் அமரும்போது அவற்றின் மீது கீழ்நோக்கிய அழுத்தம் விழுகிறது. அதே நேரம், ஒன்றையொன்று தொடாமல் விடுபட்ட கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பத் தொடங்குகின்றன. கடைவாயில் 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் முன்னால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் திறக்கும். வெளிப்பக்கக் கிளிப் போடுபவர்களுக்கு இந்த விளைவைப் பெற, மேற்பல்லின் பின்னாலோ கடைவாய்ப் பல்லின் மீதோ தனியாகச் சிமெண்டு மேடு கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் குறைக்கு உள்பக்கக் கிளிப் பொருந்துமா என்று கேட்டால், பல குறைகளைக் காட்டிலும் இதற்கு அது இயல்பாகவே பொருந்தி வருகிறது என்பேன். இப்போதைய வடிவங்கள் எல்லாவற்றிலும் அந்த மேடை இருப்பதில்லை. அவற்றிலும் வேண்டிய இடத்தில் சிமெண்டால் மேடு கட்டிக்கொள்ளலாம்.

ஆரணி நாயனம்

ஐயா சொன்ன உதட்டுப் பேச்சுக்காக என் அனுபவத்தையும் பதிகிறேன். நான் நாகஸ்வரம் வாசிப்பவன். சீவாளி இரண்டு உதடுகளுக்கு இடையே நிற்பது. அதை அழுத்திப் பிடிக்கும்போது உதட்டின் உட்புறம் பற்களின் மீதுதான் தாங்குகிறது. அந்த இடத்தில் கிளிப் இருந்தால் ஒரு கல்யாண முகூர்த்தம் முடிவதற்குள் உதடு கிழிந்துவிடும் என்பதால், எனக்கு உள்பக்கம் போடுவதே ஒரே வழியாக இருந்தது.

உதடு தப்பியது, ஆனால் நாக்கு உழைத்தது. துத்துக்காரம் நா நுனியால் அடிப்பது. நுனி போய்த் தட்டும் இடத்தில் கம்பி இருந்ததால் தொடக்கத்தில் சொற்கள் பிரியாமல் குழைந்தன. அகாரத்தில் நீளமாக வாசிக்கும் ஆலாபனைக்கு இடையூறு ஏதும் இல்லை. ஆகவே விளம்பமாகத் தொடங்கி, துத்துக்காரத்தை ஒவ்வொரு காலமாக ஏற்றிச் சாதகம் செய்தேன். ஆடி மாதத்தில் முகூர்த்தங்கள் இல்லாததால் அதற்கு நேரம் கிடைத்தது. வெற்றிலை போடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. கொட்டைப் பாக்கு கிளிப்பைப் பெயர்த்துவிடும் என்று மருத்துவர் சொன்னதால் அதை விட்டேன், இப்போதும் தொடுவதில்லை.

ஆசிரியை அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான்: நாக்கு கற்றுக்கொள்ளும். ஆனால் வேலை ஓய்ந்திருக்கும் காலமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

ஆம்பூர் வாசி

மேலே எழுதியவர்கள் எல்லோரும் ஒரு பக்கமே சாய்ந்திருப்பதால் மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன். நான் தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவன். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால் என் பற்களில் பழுப்புக் கறை உண்டு. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை வேலைக்கு வந்த பிறகு உள்பக்கக் கிளிப் போட்டேன். ஒட்டிய கிளிப்புகள் மீண்டும் மீண்டும் பெயர்ந்தன. அவை ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே செய்யப்பட்டவை. ஒன்று தொலைந்தால் கடையில் வாங்கி மாட்ட முடியாது, ஆய்வுக்கூடத்திலிருந்து புதிதாக வரும்வரை காத்திருக்க வேண்டும். செலவும் சாதாரண உலோகக் கிளிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆனது.

இரண்டாவது, துலக்குவது. கீழ் முன்பற்களின் பின்புறம் எல்லோருக்கும் காறை படியும் இடம். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. அதே இடத்தில் கம்பியும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈறு வீங்குகிறது. டீச்சருக்கு ஏற்கெனவே ஈறில் இரத்தம் கசிகிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது, 36 வயதில் கடைவாய்ப் பல்லை எழுப்பினால் அது அங்கேயே நிற்குமா? வளரும் பிள்ளைக்குத் தாடையும் கூடவே வளர்ந்து ஈடுகொடுக்கும். நமக்கு மெல்லும் தசைகள் அதை மீண்டும் அழுத்திவிடாதா? மருத்துவர் ஐயா இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

வேலூர் பல்சீரமைப்பு மருத்துவர்

மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள். கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

வளர்ச்சி முடிந்தவர்களிடம் கடைவாய்ப் பற்களை எழுப்பிப் பெறும் திறப்பில் ஒரு பகுதி திரும்பிவிடும் வாய்ப்பு உண்டு என்பது உண்மை. குறிப்பாக, தாடை அகன்று, மெல்லும் தசை வலுவாக இருக்கும் சதுர முகத்தினரிடம் அது எழும்புவதே கடினம். அதனால்தான் பெரியவர்களுக்கு முன்பற்களை எலும்புக்குள் இறக்குவதை முதன்மையாகவும், கடைவாய் எழும்புவதைத் துணையாகவும் வைத்துத் திட்டமிடுகிறோம். இறக்குவதற்கு மிக மென்மையான விசை போதும். ஒரு பல்லுக்கு 10 முதல் 20 கிராம். அதற்கு மேல் அழுத்தினால் பல் வேகமாக இறங்குவதில்லை, வேரின் நுனிதான் கரைகிறது. தேவைப்பட்டால் எலும்பில் சிறு திருகாணியைப் பொருத்தி அதிலிருந்து இழுப்பதும் உண்டு.

ஈறு வீக்கம் பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். கிளிப் ஒட்டுவதற்கு முன் காறையை நீக்கி, ஈறு முழுவதும் ஆறியதைப் பார்த்த பிறகே அடுத்த வேலை. மேலண்ணத்துக் காயத்தைப் பொறுத்தவரை, கீழ்ப்பல் அங்கே பதிவது நின்றால்தான் அது ஆறும். மேடை அமைத்த நாளிலிருந்தே அந்த இடத்துக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. ஃபுளோரைடு கறை படிந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஒட்டுமுன் கூடுதல் நேரம் பதப்படுத்த வேண்டும், அப்படியும் சில பெயரும். வெளிப்பக்கம் ஒட்டினாலும் இதே தொல்லைதான்.

நீங்கள் எழுப்பாத இன்னொரு கேள்வியை நானே எழுப்புகிறேன். மேல் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அவற்றைப் பின்புறமிருந்து மேலே தள்ளும்போது மேலும் உள்ளே சாய முனையும். வெளிப்புறமிருந்து தள்ளினால் முன்னோக்கிச் சாயும். அத்தகைய பற்களுக்கு அதுதான் வேண்டியது. ஆகவே சாய்ந்த பற்களுக்கு உள்பக்கக் கிளிப் போடும் மருத்துவர், வேரின் சாய்வைத் திருப்பும் முறுக்கு விசையைக் கம்பியில் துல்லியமாக அமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே பருமன் மாறுவதால் உள்பக்கக் கம்பி காளான் வடிவில் வளைக்கப்படுகிறது. அங்கே நேரும் சிறு பிழையும் பல்லின் உயரத்தில் தெரியும். பி.டி.எஸ். முடித்து, பல்சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரா, உள்பக்கக் கிளிப்பில் முடித்த நோயாளிகளின் முன்-பின் படங்களைக் காட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குடியாத்தம் தமிழாசிரியை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆம்பூர் நண்பர் கேட்ட கேள்விகள் என் மனத்தில் இருந்தும் எனக்குக் கேட்கத் தெரியாதவை.

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மேல் நடுப்பற்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்துள்ளன என்றும், கீழ் முன்பற்கள் எழும்பியுள்ளன என்றும், உதட்டைத் தளர்த்தினால் மேற்பல் தெரியும் அளவு இயல்பாகவே உள்ளது என்றும் சொன்னார்கள். இரண்டு வரிசைக்கும் உள்பக்கம் போடும் அளவுக்கு என்னிடம் வசதி இல்லை. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று என் தம்பி சொல்கிறான். மாதந்தோறும் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்வருவது இயலுமா என்று தெரியவில்லை.

வேலூர் பல்சீரமைப்பு மருத்துவர்

உங்கள் வாயைப் பார்க்காமல் திட்டம் சொல்வது முறையன்று. எனினும் நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பொதுவாகச் சொல்லலாம்.

மேற்பல் தெரியும் அளவு இயல்பாக இருப்பதால் அதை அதிகம் ஏற்றக் கூடாது. சாய்வை நிமிர்த்தினாலே கடியின் ஆழத்தில் ஒரு பங்கு குறையும். மீதியைக் கீழ்ப்பற்களை இறக்கித்தான் பெற வேண்டும். மேல் வரிசைக்கு உள்பக்கமும், கீழ் வரிசைக்கு வெளிப்பக்க உலோகக் கிளிப்பும் போடும் கலப்பு முறை பரவலாக உண்டு. செலவு கணிசமாகக் குறையும், கீழே துலக்குவதும் எளிது. ஆழக் கடியில் கீழ்ப்பல்லின் வெளிப்புறத்தில் முதலிலேயே ஒட்டினால் மேற்பல் இடித்துப் பெயர்த்துவிடும் என்பதால், மேல் வரிசையைத் தொடங்கி, மேடையால் இடைவெளி கிடைத்த பிறகே கீழே ஒட்டுவார்கள். இதற்கு உங்கள் வயதில் இரண்டு ஆண்டுகளை ஒட்டிய காலம் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முழுவதும் வெளிப்பக்க உலோகக் கிளிப்பிலேயே, கடைவாயில் மேடு கட்டி, இதைச் செய்து முடிக்கவும் முடியும். உங்கள் பற்கள் சாய்ந்துள்ள விதத்துக்கு அது சற்றும் தாழ்ந்த சிகிச்சை அன்று. அரசு கல்லூரியில் காத்திருப்பு இருக்கலாம். ஆனால் காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரம்தான். கிளிப் சிகிச்சையில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போனால் போதும். இரண்டாம் கருத்துக்கு, வேலூர் சி.எம்.சி.யிலும் பல் மருத்துவத் துறை இருக்கிறது.

வாலாஜா தந்தை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 12 வயது. கீழ்ப்பற்கள் இதே போல மறைகின்றன. அவனுக்கும் உள்பக்கம் போடலாமா?

வேலூர் பல்சீரமைப்பு மருத்துவர்

தேவையில்லை. வளர்ச்சி எஞ்சியிருக்கும் இந்த வயதில், கழற்றி மாட்டும் மேலண்ணத் தட்டில் முன்பக்கம் ஒரு மேடை வைத்துக் கொடுத்தாலே கடைவாய்ப் பற்கள் எழும்பிக் கடி திறக்கும். அது நிலைக்கவும் செய்யும். பையன் அதைச் சாப்பிடும்போதும் அணிய வேண்டும், அப்போதுதான் பயன். தாடைகளின் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், தள்ளிப்போடாமல் இப்போதே காட்டுங்கள்.

சத்துவாச்சாரி கணக்காளர்

டீச்சர், ஒன்றை யாரும் எழுதவில்லை. கிளிப்பைக் கழற்றிய பிறகும் சிகிச்சை முடிவதில்லை. எனக்குக் கீழ் முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள். மேலே, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும், முன்பக்கம் சிறு மேடை வைத்த ரிட்டெய்னர். முதலில் நாள் முழுவதும் அணிந்தேன், இப்போது இரவில் மட்டும். ஊருக்குப் போனபோது அதை மறந்து வைத்துவிட்டு வந்த என் நண்பர் ஒருவருக்குக் கடி மீண்டும் இறங்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆழக் கடிக்கு இது மிக முக்கியம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. உங்கள் கட்டணப் பேச்சில் ரிட்டெய்னரும் அடங்குமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் தமிழாசிரியை

கலப்பு முறையையே தேர்ந்திருக்கிறேன், காட்பாடியிலேயே, எம்.டி.எஸ். படித்த ஒருவரிடம். ஈறு சிகிச்சை தொடங்கிவிட்டது. கடைசியாக ஒன்று: மார்ச்சு, ஏப்ரலில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு. அதுவரை என்னால் பேச்சில் தடுமாற இயலாது. கோடை விடுமுறையில் கிளிப் போட்டால் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நாக்கு பழகிவிடுமா?

வேலூர் பல்சீரமைப்பு மருத்துவர்

பெரும்பாலோருக்குப் பழகிவிடும். ஆனால் விடுமுறை தொடங்கிய பிறகு அளவெடுத்தால் காலம் போதாது. உள்பக்கக் கிளிப் உங்கள் பல்லின் அச்சை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டு, எல்லாவற்றையும் உரிய இடத்தில் சேர்த்து ஒட்ட உதவும் ஒரே தட்டில் அமைந்து வர வேண்டும்; அதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே பொதுத்தேர்வுக் காலத்திலேயே ஒரு சனிக்கிழமை சென்று அளவு கொடுத்துவிடுங்கள். அளவு கொடுத்த பிறகு பல்லில் புதிதாக அடைப்போ உறையோ வைக்கக் கூடாது; வைத்தால் தட்டு பொருந்தாது. அடைக்க வேண்டிய சொத்தை ஏதேனும் இருந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.